ஐ லவ் லூசி முழுப் பெட்டி: எதை வாங்கலாம், எதை விடலாம்

லூசில் பால் 1933-ல் ஹாலிவுட்டுக்கு வந்தார். 1986 வரை நடித்தார். அந்த ஐம்பத்து மூன்று வருடத்தில், அவர் லூசி என்ற மனைவியாக நடித்த ஐ லவ் லூசி என்ற அமெரிக்க டிவி நகைச்சுவைத் தொடருக்குப் போனது ஆறு வருடம்கூட முழுசாக இல்லை: 1951 அக்டோபர் 15 முதல் 1957 மே 6 வரை. ஆனாலும் அவரைத் தெரிந்துகொள்ள ஒரே ஒரு டிஸ்க் பெட்டிக்குத்தான் காசு இருக்கிறது என்றால், யோசிக்காமல் இதை வாங்கலாம். எந்தப் பதிப்பை வாங்குவது என்பதில்தான் யோசனை வேண்டும். ஒரே தொடர் அரை டஜன் உருவங்களில் கிடைக்கிறது. அதில் பாதி, பார்க்க வேண்டியதை வெட்டி எறிந்துவிட்டுத் தருகிறது.

கையில் வரும் சரக்கைச் சொல்லிவிடலாம். ஆறு சீசன், 180 அரைமணி எபிசோடுகள். முதல் சீசனில் 35, இரண்டிலும் மூன்றிலும் 31, நாலில் 30, ஐந்தில் 26, ஆறில் 27. இதோடு 1951 மார்ச்சில் எடுத்த முன்னோட்டப் படமும் (தொடருக்கு ஒப்புதல் வாங்க எடுக்கிற மாதிரி எபிசோடு), 1957 முதல் 1960 வரை வந்த 13 ஒரு மணி நேர நிகழ்ச்சிகளும். டிவிடியில் முதலில் சீசன் சீசனாக வந்தது. 2007-ல் எல்லாவற்றையும் சேர்த்து முழுப் பெட்டியாகப் போட்டார்கள், முப்பதுக்கு மேல் டிஸ்க். ப்ளூரேயில் 2014-ல் முதல் சீசனும் 2015-ல் இரண்டாவதும் அக்கறையோடு வந்தன, அத்துடன் கதை நின்றது. ஆகவே இன்றைக்கு நல்ல ஜோடி இதுதான்: டிவிடி முழுப் பெட்டி ஒன்று, முடிந்தால் அந்த இரண்டு ப்ளூரே சீசன்கள். இரண்டில் ஒன்றுதான் கட்டுப்படியாகும் என்றால் முழுப் பெட்டி. ப்ளூரே மட்டும் வாங்கினால் ஹாலிவுட் பயணக் கதைகள் இருக்கிற நாலாவது சீசன் கைக்கு வராது.

டிவி சேனல்களில் மறு ஒளிபரப்பில் பார்த்துப் பழகியவர்களுக்கு 'அதான் பார்த்தாச்சே' என்று தோன்றும். பார்க்கவில்லை என்பதே உண்மை. அசல் எபிசோடு ஏறத்தாழ 26 நிமிடம் ஓடும். இன்றைய அரைமணி இடத்தில் விளம்பரம் போக மிஞ்சுவது 22 நிமிடம்தான். அந்த மூன்று நாலு நிமிடத்தை எங்கே வெட்டுவார்கள்? சிரிப்பு வெடிக்கும் காட்சியில் யாரும் கை வைக்க மாட்டார்கள். அதற்கு முன்னால், சத்தமில்லாமல் விதை போடுகிற இடத்தில்தான் கத்தரி விழும். லூசியின் நகைச்சுவையோ படிப்படியாக ஏறுகிற ரகம். நடுவில் ஒரு படியை உருவிவிட்டால் மேல்படியில் ஆள் நிற்பாள், எப்படி அங்கே போனாள் என்று தெரியாது. டிஸ்க்கில் இருப்பது வெட்டாத வடிவம். பெட்டியை வாங்க இந்த ஒரு காரணமே போதும்.

அடுத்தது படத்தின் தரம். எழுபது வருடத்துக்கு மேலான தொலைக்காட்சித் தொடர் இவ்வளவு தெளிவாக இருக்கிறதே என்று முதல் டிஸ்க்கைப் போட்டவுடன் ஆச்சரியம் வரும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? இதன் சட்டி 35 மி.மீ. பிலிம். அன்றைக்கு அமெரிக்காவில் பெரும்பாலான நிகழ்ச்சிகள் நியூயார்க்கிலிருந்து நேரலையாகப் போயின. தொலைவில் இருந்த ஊர்களுக்கு, ஒரு டிவி திரையையே பிலிம் கேமராவால் படம் பிடித்து, அந்தப் பிரதியை அனுப்புவார்கள். கினெஸ்கோப் என்று பெயர். மங்கலாக, வழிந்தமாதிரி இருக்கும். சிகரெட் கம்பெனியான பிலிப் மாரிஸ்தான் ஸ்பான்சர். அவர்களும், தொடரை ஒளிபரப்பிய சிபிஎஸ் நிறுவனமும் நியூயார்க்குக்கு வரச் சொன்னார்கள். லூசிலும், தொடரில் லூசியின் கணவன் ரிக்கி ரிக்கார்டோவாக நடித்த அவருடைய நிஜக் கணவர் டெசி அர்னாஸும் ஹாலிவுட்டை விட்டு வர மாட்டோம், பிலிமிலேயே எடுக்கிறோம் என்றார்கள். பிலிமுக்குச் செலவு கூடும் என்று பேச்சு வந்ததும், வாரச் சம்பளத்தில் ஆயிரம் டாலரை விட்டுக்கொடுத்தார்கள். அதற்கு ஈடாகக் கேட்டது, எடுத்த படங்களின் உரிமை தங்கள் டெசிலு நிறுவனத்துக்கு வேண்டும் என்பது. மறு ஒளிபரப்பு என்ற வியாபாரமே சரியாகப் பிறக்காத காலம், கேட்டவுடன் கொடுத்துவிட்டார்கள். பிறகு 1957-ல் அந்த உரிமையைச் சிபிஎஸ் நல்ல விலை கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டிவந்தது.

ஒளி அமைப்பைப் பார்த்துக்கொண்டவர் கார்ல் பிராய்ண்ட். ஜெர்மனியில் மௌனப்படக் காலத்திலிருந்தே பெயர் எடுத்தவர், ஆஸ்கர் வாங்கியவர். மூன்று கேமரா ஒரே நேரத்தில் ஓடும், எதிரே படிக்கட்டு இருக்கைகளில் முந்நூறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். கேமராவுக்குக் கேமரா விளக்கை மாற்றி வைக்க முடியாது. அதனால் விளக்குகளையெல்லாம் மேலே தூக்கிக் கட்டி, மேடை முழுக்கச் சமமாக ஒளி விழ வைத்தார். ஒளி சமமானால் படம் தட்டையாகிவிடும். அதைச் சரிக்கட்ட, செட்டின் சுவர், மேஜை, திரைச்சீலை எல்லாவற்றையும் சாம்பல் நிறத்தின் வெவ்வேறு அழுத்தங்களில் அமைத்தார்கள். டிவியின் கான்ட்ராஸ்டை ஏற்றிவிட்டுப் பார்த்தால் இந்த வேலை அத்தனையும் வீண். 'விவிட்' என்ற அமைப்பில் வைத்திருந்தால் ரிக்கார்டோ வீட்டு வரவேற்பறை கறுப்பும் வெளுப்புமாகக் கண்ணைக் குத்தும். 'சினிமா' அமைப்புக்கு மாற்றினால் திரைச்சீலையின் மடிப்புகூடத் தெரியும்.

பிலிமுக்கும் கினெஸ்கோப்புக்கும் என்ன வித்தியாசம் என்று இந்தப் பெட்டியிலேயே சோதித்துப் பார்க்கலாம். முன்னோட்டப் படம் கினெஸ்கோப்பில் எடுத்தது. பல வருடம் தொலைந்துபோனதாகவே நினைத்திருந்த அதில், பெப்பிட்டோ என்ற ஸ்பானிஷ் கோமாளிக் கலைஞரிடம் கற்ற செல்லோ வித்தையை லூசில் செய்து காட்டுகிறார். அதே வித்தை முதல் சீசனில் 'தி ஆடிஷன்' எபிசோடில் மறுபடி வருகிறது, பிலிமில். இரண்டையும் அடுத்தடுத்துப் போடுங்கள். கினெஸ்கோப்பில் ஒரு பெண் கோமாளி உடையில் குதிப்பது தெரியும். பிலிமில் அவர் கண் முதலில் எந்தப் பக்கம் போகிறது, கை எவ்வளவு தாமதித்துப் பின்தொடர்கிறது என்பது தெரியும். சிரிப்பு அந்தத் தாமதத்தில்தான் இருக்கிறது. முன்னோட்டத்தில் அவர் தொளதொள உடையில் இருப்பதற்குக் காரணம், முதல் மகளை வயிற்றில் சுமந்துகொண்டு நடித்தது. பிரெட், எத்தெல் இருவரும் அதில் கிடையாது. வீட்டுக்காரத் தம்பதி பிறகு வந்த யோசனை.

லூசிலின் தொழில்திறனைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க முதல் சீசனின் 'லூசி டஸ் எ டிவி கமர்ஷியல்' எபிசோடைவிட நல்ல இடம் இல்லை. 1952 மே 5-ல் ஒளிபரப்பானது. வைட்டமீட்டாவெஜமின் என்ற டானிக்குக்கு விளம்பரம் பேச வேண்டும், ஒத்திகைக்கு ஒத்திகை ஒரு கரண்டி குடித்துக் காட்ட வேண்டும். அதில் ஆல்கஹால் 23 சதவீதம் என்பது அவளுக்குத் தெரியாது. குடிகாரி வேடம் என்றவுடன் எல்லோரும் முதல் வாயிலேயே தள்ளாட ஆரம்பிப்பார்கள். இவர் அப்படிச் செய்யவில்லை. முதல் தடவை வசனம் சுத்தமாக வருகிறது, டானிக் தொண்டையில் இறங்கும்போது முகம் மட்டும் சுளிக்கிறது, சுளித்த முகத்தோடே சிரிக்கவும் வேண்டியிருக்கிறது. அடுத்த தடவைகளில் சுளிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போய், அந்த இடத்தில் ருசி வந்து உட்காருகிறது. அதற்கும் பிறகுதான் நாக்கு குழறுகிறது. குழறலிலும் ஒரு கணக்கு உண்டு: மருந்தின் பெயர்தான் முதலில் உடைகிறது, மற்ற சொற்கள் அப்புறம். பாட்டிலிலிருந்து கரண்டியில் ஊற்றும்போது கரண்டி ஒரு பக்கம் போகிறது, பாட்டில் ஒரு பக்கம் போகிறது. கடைசியில் கரண்டியே வேண்டாம் என்று முடிவாகிறது.

இந்த வசனத்தைத் தப்பாகப் பேசுவதற்கு முதலில் சரியாக மனப்பாடம் செய்திருக்க வேண்டும், அதுவும் ஒவ்வொரு சுற்றுக்கும் வேறு வேறு தப்போடு. மறந்துவிடுமோ என்ற பயம் லூசிலுக்கே இருந்தது. காட்சியில் கேமராவுக்குப் பக்கத்தில் வசனத் தாளோடு உட்கார்ந்திருப்பவர் மௌரி தாம்ப்சன், நிஜமாகவே படப்பிடிப்புக் குழுவில் அந்த வேலை பார்த்தவர். மறந்தால் எடுத்துக்கொடுக்க அவரையே காட்சிக்குள் வைத்துவிட்டார்கள். எடுத்துக்கொடுக்கிற தேவை வரவில்லை. இரண்டாவது முறை பார்க்கும்போது லூசியை விட்டுவிட்டு மற்றவர்கள் முகத்தைப் பாருங்கள். சிரிப்பை அடக்க அவர்கள் படுகிற பாடு தனிக் கூத்து. இதே எபிசோடின் தொடக்கத்தில், டிவிப் பெட்டியின் உள்ளே இருப்பதையெல்லாம் கழற்றிவிட்டு அவளே உள்ளே உட்கார்ந்து விளம்பரம் செய்து காட்டுகிற காட்சி இருக்கிறது. அதையும் பின்னால் வரும் டானிக் காட்சியையும் வெட்டில்லாமல் சேர்த்துப் பார்த்தால்தான், விளம்பரத்தில் வந்துவிட வேண்டும் என்ற வெறி எவ்வளவு என்று பிடிபடும்.

இரண்டாவது சீசன் 'ஜாப் ஸ்விட்சிங்' என்ற எபிசோடோடு தொடங்குகிறது, 1952 செப்டம்பர் 15. மிட்டாய்த் தொழிற்சாலையில் ஓடுகிற பட்டையின் மேல் சாக்லேட் வரும், ஒவ்வொன்றையும் எடுத்துக் காகிதத்தில் சுற்ற வேண்டும், ஒன்று சுற்றாமல் போனாலும் வேலை போய்விடும். உலகமெங்கும் நகல் எடுத்துத் தேய்ந்துபோன காட்சி. ஆனாலும் மூலத்தில் இருக்கிற ஒரு விஷயம் நகல்களில் இல்லை. பட்டை முதலில் நிதானமாகத்தான் ஓடுகிறது. லூசியும் எத்தெலும் நன்றாகவே சுற்றுகிறார்கள், 'இது நமக்குச் சரிப்படும்' என்று முகம் மலர்கிறது. அந்தச் சில விநாடி நிம்மதியைக் கொடுத்த பிறகே வேகம் ஏறுகிறது. வாயில், தொப்பியில், சட்டைக்குள் என்று ஒளிக்க இடம் தேடுகிறார்கள். மேற்பார்வைக்காரி வந்து பார்க்கிறாள், பட்டை காலியாக இருக்கிறது. பலே என்று இன்னும் வேகமாக ஓட்டச் சொல்கிறாள். அதற்கு முன்னால் சாக்லேட் தோய்க்கிற காட்சியில் லூசியின் பக்கத்தில் இருக்கிற பெண்மணி நடிகை அல்ல, நிஜமாகவே மிட்டாய் தோய்க்கிற தொழிலாளி. அவர் கை போகிற ஒரே சீரான ஓட்டத்தையும், அதைப் பார்த்துப் பார்த்து லூசி கை கெடுகிற விதத்தையும் கவனியுங்கள். ப்ளூரேயில் சாக்லேட் கையிலிருந்து நூலாக இழுபடுவது தெரிகிறது.

இதே சீசனில்தான் பிள்ளைப்பேறு கதை. 'பிரெக்னன்ட்' என்ற சொல்லைத் திரையில் சொல்லக் கூடாது என்று சிபிஎஸ் கட்டளை. ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், ஒரு புராட்டஸ்டன்ட் போதகர், ஒரு யூத ரப்பி மூவரிடமும் வசனத்தைக் காட்டி ஒப்புதல் வாங்கினார்கள். 1952 டிசம்பர் 8-ல் வந்த எபிசோடில், இரவு விடுதி மேடையில் பாடிக்கொண்டே ரிக்கி மேஜை மேஜையாகப் போய் யார் தாயாகப் போகிறவர் என்று தேடுகிறான், கடைசியில் மனைவி முன் வந்து நிற்கிறான். அந்த இடத்தில் இருவர் கண்ணிலும் வருவது கிளிசரின் இல்லை. நிஜத்திலும் லூசில் அப்போது கர்ப்பிணி. அழுகை வந்து காட்சி தடுமாறியதால் மறுபடி எடுக்கலாமா என்று பேச்சு வந்தது, ஆனாலும் முதலில் எடுத்ததே நின்றது. 1953 ஜனவரி 19 அன்று காலை லூசிலுக்கு மகன் பிறந்தான், இரவு தொடரில் லூசிக்கும் மகன் பிறந்தான். ஏறத்தாழ 4 கோடியே 40 லட்சம் பேர் பார்த்தார்கள். மறுநாள் நடந்த ஜனாதிபதி ஐசனோவரின் பதவியேற்பைப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு.

மற்ற சீசன்களைப் பற்றி மூடி மறைக்காமல் சொல்வதென்றால்: முதல் சீசனின் தொடக்க எபிசோடுகள் இன்னும் சூடேறாதவை. முதலில் படம் பிடித்ததே நாலாவதாகத்தான் ஒளிபரப்பானது. டிஸ்க்கில் ஒளிபரப்பு வரிசை என்பதால் தரம் மேலும் கீழுமாகத் தெரியும், பயந்து நிறுத்திவிட வேண்டாம். மூன்றாவது சீசன் நடுத்தரம். நாலாவதில் ஹாலிவுட் பயணம். உணவகத்தில் நடிகர் வில்லியம் ஹோல்டனைக் கண்ட பிறகு அவர் லூசி தங்கிய ஓட்டல் அறைக்கே வந்துவிட, ஒட்டு மூக்கோடு உட்கார்ந்து சிகரெட் பற்றவைக்கிற லூசியின் மூக்கில் தீப்பிடிக்கிற காட்சியும், நகைச்சுவை நடிகர் ஹார்ப்போ மார்க்ஸோடு கண்ணாடி விளையாட்டும் இதில்தான். ஐந்தாவதில் ஐரோப்பா. இத்தாலியில் திராட்சை மிதிக்கிற தொட்டி 1956 ஏப்ரல் 16-ல் வந்தது, அந்தச் சீசனுக்கு அது ஒன்றே போதும். ஆறாவதில் குடும்பம் கனெக்டிகட்டுக்குக் குடிபோகிறது, கதையில் காற்று இறங்கிவிடுகிறது. பிரபலங்கள் வரிசையாக வந்து போவது பல இடங்களில் ஒட்டுத்துணிபோலத் தெரிகிறது. பெட்டியின் கடைசி மூன்றில் ஒரு பங்கைச் சீக்கிரம் தாண்டிவிட்டாலும் பெரிய நஷ்டம் இல்லை.

கூடுதல் சரக்கில் இரண்டு மட்டும் உருப்படி. ஒன்று, மை பேவரிட் ஹஸ்பண்ட் வானொலி எபிசோடுகள். 1948 முதல் 1951 வரை லூசில் சிபிஎஸ் வானொலியில் நடித்த தொடர் அது. எழுதிய ஜெஸ் ஓப்பன்ஹைமர், மாடலின் ப்யூ, பாப் கேரல் மூவரும்தான் பிறகு ஐ லவ் லூசியைத் தொடங்கியவர்கள். வானொலியில் ஓடிய கதைகள் பல, டிவிக்கு மாறும்போது உடம்பை நம்பி எழுதியவையாக மாறின. ஒலியை மட்டும் கேட்டுவிட்டுப் படத்துக்கு வந்தால் அந்த மாற்றம் உறைக்கும். சிபிஎஸ் முதலில் வானொலி ஜோடியையே டிவிக்குக் கொண்டுவர நினைத்தது. கியூபாவில் பிறந்த டெசியைக் கணவனாகப் பார்வையாளர்கள் ஏற்பார்களா என்று சந்தேகம். சந்தேகத்தைத் தீர்க்க இருவரும் 1950-ல் ஊர் ஊராக மேடை நிகழ்ச்சி நடத்திக் கூட்டம் சேர்த்துக் காட்டினார்கள்.

இன்னொன்று தவறுகளின் பட்டியல், 'பிளப்ஸ்' என்ற பெயரில். எத்தெலின் நடுப்பெயர் ஒரு நேரம் லூயிஸ், ஒரு நேரம் ராபர்ட்டா, ஒரு நேரம் மே. ரிக்கார்டோ வீட்டு முகவரி 623 கிழக்கு 68-வது தெரு. நியூயார்க்கில் அந்த எண் வருமிடத்தில் கிழக்கு ஆறுதான் ஓடுகிறது. புகைப்படங்கள், விருந்தினர் குறிப்புகள் எல்லாம் ஒருமுறை புரட்டலாம், அவ்வளவுதான். எபிசோடின் தொடக்கத்தில் வருகிற பட்டுத்துணி மேல் இதயம், மறு ஒளிபரப்புக்காகப் பிறகு சேர்த்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அசலில் லூசியும் ரிக்கியும் குச்சி உருவக் கார்ட்டூனாக வந்து சிகரெட் பெட்டியின் மேல் விளையாடுவார்கள். ப்ளூரேயில் அசல் ஒளிபரப்பு வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. ஒரு எபிசோடாவது அப்படிப் பார்த்தால், யார் காசில் இந்தத் தொடர் நடந்தது என்பது மறக்காது.

வண்ணமேற்றிய பதிப்பை வாங்குவதற்கில்லை. 2013 முதல் சிபிஎஸ் சில எபிசோடுகளை வண்ணத்தில் ஒளிபரப்பியது, அவற்றின் தொகுப்பும் கிடைக்கிறது. கணினியில் நேர்த்தியாகத்தான் செய்திருக்கிறார்கள், தகராறு அதில் இல்லை. சாம்பல் அழுத்தங்களாகத் திட்டமிட்ட செட்டில் நிறம் ஏற்றியதும் பின்னணிச் சுவர் முன்னால் வந்துவிடுகிறது, கண் லூசியின் முகத்தைவிட்டு மேஜை விரிப்பில் நிற்கிறது. சிவப்பு முடியைப் பார்க்கத்தான் ஆசை என்றால் வேறு வழி இருக்கிறது. அந்த முடியே இயற்கையில் பழுப்பு. எம்ஜிஎம் ஸ்டுடியோவில் 1943-ன் டெக்னிகலர் படத்துக்காக அதைத் தீப்பிழம்பு நிறத்துக்கு மாற்றினார்கள். டு பாரி வாஸ் எ லேடி என்ற அந்தப் படத்தைத் தனியாக வாங்கிக்கொள்ளலாம். சிவப்பு முடிக்குப் பெயர்போன நடிகையைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோனது கறுப்பு வெள்ளைத் தொடர் என்பது அவர் வாழ்க்கையின் வேடிக்கைகளில் ஒன்று.

பெட்டியின் பெரிய குறை, நடிகையின் மீதி வாழ்க்கைக்கு அதில் இடமே இல்லை. நியூயார்க் மாநிலத்தின் ஜேம்ஸ்டவுனில் 1911 ஆகஸ்ட் 6-ல் பிறந்தது, டெலிபோன் கம்பி வேலை பார்த்த அப்பா டைபாய்டில் போனபோது மூன்றரை வயது, உடை வடிவமைப்பாளர் ஹாட்டி கார்னகியின் கடையில் மாடல் வேலை, ஆர்.கே.ஓ ஸ்டுடியோவில் வருடத்துக்கு வருடம் சின்னச் சின்ன வேடம், 1940-ல் டெசியோடு திருமணம். ஒன்றும் கிடையாது. 1953 செப்டம்பரில் கம்யூனிஸ்ட் வேட்டைக் குழு முன் போய், 1936-ல் தாத்தாவின் மனம் கோணாமல் இருக்கக் கட்சியின் பெயரில் வாக்காளராகப் பதிந்ததை விளக்க வேண்டிவந்ததும் பெட்டிக்கு வெளியேதான். 1957-ன் கடைசியில் டெசிலு, அவரை ஒரு காலத்தில் சம்பளத்துக்கு வைத்திருந்த ஆர்.கே.ஓ ஸ்டுடியோவின் வளாகங்களையே வாங்கியது, 61.5 லட்சம் டாலருக்கு. 1962-ல் டெசியின் பங்கையும் வாங்கி லூசிலே தலைமையில் உட்கார்ந்தார். ஸ்டார் ட்ரெக், மிஷன் இம்பாசிபிள் இரண்டும் அவர் தலைமையில் டெசிலுவில் உருவானவை. 1967-ல் நிறுவனத்தை 1.7 கோடி டாலருக்கு விற்றார். இவ்வளவும் தெரிந்த பிறகு கடைசி டிஸ்க்குகளைப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கும். ஆகவே ஒரு நல்ல வாழ்க்கை வரலாற்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை. வட அமெரிக்கப் பதிப்பு மண்டலம் 1, என்டிஎஸ்சி என்ற அமெரிக்க டிவி முறை. வேறு நாட்டு பிளேயரில் ஓடாமல் போகலாம், கடைக்காரர் 'எதிலும் ஓடும்' என்றாலும் பின்னட்டையைப் பாருங்கள். பிலிமிலிருந்து நேரடியாக எடுத்த, இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் வழங்கிய பால் (PAL) டிவி முறைப் பிரதி என்றால் 24 பிரேம் 25 ஆக ஓடும். அதனால் நாலு சதவீதம் வேகம் கூடி, குரலும் ஒரு இழை உயரும். டெசியின் ஸ்பானிஷ் பொரிதல்களில் அது நன்றாகவே கேட்கும்.

பழைய பெட்டியை இரண்டாம் கையாக வாங்குவதானால் ஒவ்வொரு டிஸ்க்கையும் வெளியே எடுத்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்காருகிற தட்டுகளில் கீழ் டிஸ்க்கில் வளைகோடாகக் கீறல் விழுந்திருக்கும். நடுவில் பிடிக்கிற பல் உடைந்திருந்தால் டிஸ்க் உள்ளேயே உருண்டிருக்கும். இரட்டை அடுக்கு டிஸ்க்குகளில் லேசர் உள்ளிருந்து வெளி விளிம்புக்குப் போய், அங்கே அடுக்கு மாறித் திரும்பி வரும். அதனால் விளிம்பில் கைரேகை இருந்தால் கோளாறு டிஸ்க்கின் நடு எபிசோடுகளில் தெரியும். முதலும் கடைசியும் ஒழுங்காக ஓடி நடுவில் மட்டும் சிக்கினால் பிளேயரைத் திட்ட வேண்டாம், விளிம்பைத் துடையுங்கள். மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து வெளியே நேர்கோட்டில் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் விழுகிற கீறல் தடத்தோடு சேர்ந்தே நீளும், அந்த மாதிரிக் கீறலைப் பிளேயரால் சமாளிக்க முடியாது.

டிவியில் மூன்றை அணைக்க வேண்டும். படத்தை அகலமாக இழுக்கிற அமைப்பு: இது 4:3 படம், இருபக்கமும் கறுப்புப் பட்டை இருக்கத்தான் வேண்டும், இழுத்தால் லூசி குண்டாகிவிடுவார். அசைவை வழவழப்பாக்குகிற அமைப்பு: மிட்டாய்க் காட்சியில் கைகளைச் சுற்றி ஒளிவட்டம் மாதிரிக் கலங்கும். இரைச்சல் குறைப்பு: பிலிமின் மணிகளோடு முகத்தின் சுருக்கங்களையும் சேர்த்துத் துடைத்துவிடும். ஒலி மோனோ. சரவுண்ட் ஏற்றினால் பார்வையாளர் சிரிப்பு அறையெங்கும் சிதறி வசனத்தை மூடும். அந்தச் சிரிப்பு டப்பாச் சிரிப்பு இல்லை, எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தது. கூர்ந்து கேட்டால் லூசி ஏடாகூடமாக ஏதோ செய்யப்போகும்போதெல்லாம் கூட்டத்திலிருந்து ஒரு பெண் குரல் 'அஓ' என்று பதறும். அது லூசிலின் அம்மா டீடீ. மகளின் படப்பிடிப்புக்குத் தவறாமல் வந்து உட்காருவார்.

ஒரு மணி நேர நிகழ்ச்சிகள் பதின்மூன்றையும் கடைசிக்கு வையுங்கள். நீளம் கூடியதும் வேகம் போய்விட்டது, நடிகர்களுக்கும் களைப்பு தெரிகிறது. பிரெட்டாக நடித்த வில்லியம் பிராலியும் எத்தெலாக நடித்த விவியன் வான்ஸும் நிஜத்தில் ஒருவரையொருவர் சகிக்க மாட்டார்கள். முன் சீசன்களில் சண்டைக்கு உப்பாக இருந்த அது இங்கே உப்புக்கரிக்கிறது. ஆனால் கடைசியாக 1960 ஏப்ரல் 1-ல் ஒளிபரப்பானதைத் தவிர்க்க வேண்டாம். நகைச்சுவை நடிகர் எர்னி கோவாக்ஸும் அவர் மனைவி, பாடகி ஈடி ஆடம்ஸும் விருந்தினர்கள். ஈடி பாடுகிற பாட்டை லூசி கேட்டுக்கொண்டிருக்கிற காட்சியில் கேமரா அவர் முகத்தில் கொஞ்சம் அதிகம் நிற்கிறது. முடிவில் வழக்கம்போல லூசியும் ரிக்கியும் சமாதானமாகி முத்தமிடுகிறார்கள். படப்பிடிப்பு முடிந்த மறுநாள், மார்ச் 3 அன்று, லூசில் விவாகரத்து மனு போட்டார். டிஸ்க் மெனுவில் அந்த நிகழ்ச்சியின் பக்கத்தில் எந்தக் குறிப்பும் இல்லை. 1962-ல் தொடங்கிய தி லூசி ஷோவில் டெசி நடிக்கவில்லை. அது வேறு பெட்டி, தனியாக வாங்க வேண்டும்.